கொடுத்துவிட்டுப் போகாதவர்

எங்கள் வீட்டில் அவருக்கு நிலத்துக்காரர் என்று பெயர். கோவில்பதாகையில் நாங்கள் வீடு கட்டிய மனையை எங்களுக்கு விற்றவர் அவர்தான். பத்திரம் பதிந்து, பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் எனக்கும் என் கணவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் மனையைப் பார்க்கப் போனால், எங்களுக்கு முன்னால் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ லேட்டு," என்றார்.

நாங்கள் விருதுநகர்ப் பக்கம். என் கணவருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகள் ஆனந்திக்கு ஐந்து வயதாகி, மகன் குமரன் கைக்குழந்தையாக இருந்தபோது, சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். எண்பதுகளின் கடைசி அது. அந்தப் பக்கத்து வயல்களெல்லாம் கல் நட்டு மனைகளாகிக்கொண்டிருந்தன. நிலத்தை விற்றதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. நல்ல விலை கிடைத்தது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் விற்றதை வந்து பார்க்காமல் இருக்க மட்டும் அவரால் முடியாது.

வீடு கட்டும்போது கொத்தனாருக்கு முன்னால் வந்து நிற்பார். சமையலறை ஜன்னலை இந்தப் பக்கம் வை, படியை அந்தப் பக்கம் திருப்பு என்பார். கொத்தனார் அவரைத்தான் வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டு பாதி வேலையை அவர் சொன்னபடியே முடித்துவிட்டார். கிணற்றுக்கும் அவர்தான் இடம் காட்டினார். "இங்க தோண்டு. எளநி மாறி தண்ணி வரும். நாப்பது வருசமா எனுக்குத் தெரியாதா இந்த மண்ண?" தோண்டினோம். பருப்பு வேகாத உப்புத் தண்ணீர் வந்தது. கேட்டதற்கு, "உப்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதும்மா," என்றார்.

எங்களிடம் மட்டும் அப்படி இருந்திருந்தால் எங்கள் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். அவர் எதைக் கைமாற்றினாலும் கதை இதுதான். ஒரு எருமையை ஆவடியில் ஒருவருக்கு விற்றுவிட்டு, வாரம் தவறாமல் போய் அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். அந்த மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எருமையைத் திருத்தணிப் பக்கம் விற்றுத் தலைமுழுகினார். பழைய சைக்கிளைத் தபால்காரருக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் தபால்காரரை எங்கே கண்டாலும் நிறுத்தி, டயரை அமுக்கிப் பார்த்து, "காத்து கம்மியா கீது. இப்டி வெச்சிகினா ரிம்மு இன்னாத்துக்கு ஆவும்?" என்பார். அவர் கண்ணில் படக்கூடாதென்றே தபால்காரர் எங்கள் தெருவுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வருவார். எங்களுக்குக் கடிதங்கள் மத்தியானத்துக்கு மேல்தான் வரும்.

குடிவந்த பிறகும் தினமும் வந்தார். கேட்டில் நின்று குரல் கொடுக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. திறந்துகொண்டு வருவார், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார், வாசற்படியில் உட்காருவார். சாயங்காலங்களில் நான் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பேன். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, "நீ யாரு ஊட்டுப் புள்ள? ஒங்கப்பன் அந்தக் கடைசி மனைய வாங்கினானே, வேலி போட்டானா?" என்று விசாரிப்பார். பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோகும்.

"ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று என் கணவரிடம் கேட்பேன்.

"விடு, பாவம். என்ன கேட்கிறார், ஒரு டீ," என்பார் அவர். அந்த டீயைப் போடுவது யார் என்ற கேள்வி அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

குமரனுக்கு மூன்று வயதான சமயம், ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவர் தோளில் இருக்கும் துண்டில் எதையோ பொதிந்து கையில் எடுத்துக்கொண்டு வந்தார். துண்டு அசைந்தது. பிரித்துக் கீழே விட்டார். காதும் முதுகும் கறுப்பு, வயிறு வெள்ளையாக ஒரு நாய்க்குட்டி. இறங்கிய கையோடு என் கால்மிதியில் மூத்திரம் போயிற்று.

"வெச்சிக்க. ஊட்டுக்குக் காவலு," என்றார்.

"ஐயா, எனக்கு ரெண்டு பிள்ளைகளைப் பார்க்கவே கை பத்தல."

"இத்த மூணாவதா நெனச்சிக்க. தானா வளந்துரும்."

ஆனந்திக்கு அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூட விடுமுறை. குட்டியை அதற்குள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர், "அட, நல்லாருக்கே," என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் முடிவெடுத்த விதம்.

தானாக வளரும் என்று சொன்ன பிராணி அடுத்த சில வாரங்களில் செய்த காரியங்களை நான் யாரிடம் சொல்லி அழ. ட்யூஷன் பிள்ளைகள் வாசலில் விட்டுவிட்டு வரும் செருப்புகளில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை மட்டும் எடுத்துக் கடித்து வைத்தது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போன பிள்ளைகளின் அம்மாக்கள் மறுநாள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஆனந்தியின் வெள்ளை சாக்ஸ் கிணற்றடியில் கிடந்தது. இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை குமரன். பகலெல்லாம் பின்னால் ஓடி, கெஞ்சி, மிரட்டி, அவனை அப்போதுதான் கக்கூஸுக்குப் போகப் பழக்கியிருந்தேன். குட்டி வந்த இரண்டாம் நாள், அதன் பக்கத்திலேயே போய் முருங்கை மரத்தடியில் குந்திக்கொண்டான். கால்சட்டை போட மாட்டேன் என்றான். ஜிம்மி போடவில்லையே என்று கேட்டான். தட்டில் சாதம் போட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுத்தான்.

ஜிம்மி என்பது ஆனந்தி வைத்த பெயர். நிலத்துக்காரர் அதைக் கருப்பன் என்று கூப்பிட்டார். அது இரண்டுக்கும் திரும்பாது.

அதுவரை நாளுக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தவர் இப்போது இரண்டு தடவை வர ஆரம்பித்தார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வருகிற அப்பாவின் முகம் அது. குட்டியை இரண்டு கையாலும் தூக்கி எடை பார்ப்பார். வயிற்றை அமுக்குவார். காதைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"மூஞ்சி வாடிகீது. இன்னா போட்ட காலைல?"

"இட்லி போட்டேன் ஐயா. பிள்ளைகளுக்குப் போட்டதுதான்."

"இட்லி துன்னா எப்டிம்மா ஒடம்பு புடிக்கும்?"

மறுநாளிலிருந்து ஒரு சொம்பில் பால் கொண்டுவந்தார். என் பிள்ளைகளுக்கு நான் டிப்போ பாலில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். அவர் கறந்த பாலைக் கொண்டுவந்து, என் கண் முன்னால் நாயின் கிண்ணத்தில் ஊற்றுவார். ஒருநாள் குமரன் நாயைப் போலவே நாலு காலில் தவழ்ந்து போய் அதில் பாதியைக் குடித்துவிட்டான். "ஏய், அது அதுக்குடா," என்றார் அவர். நான் உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

குட்டிக்கு வயிற்றில் பூச்சி என்று அவராகவே முடிவு பண்ணி, நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார். எவ்வளவு ஊற்றினாரோ. அன்று முழுவதும் அது வீட்டின் எல்லா அறைகளிலும் போனது. பாயில் போனது, துவைத்து மடித்து வைத்த துணிமேல் போனது, ட்யூஷன் பிள்ளை ஒருத்தியின் கணக்கு நோட்டில் போனது. சாயங்காலம் அவர் வந்தபோது நான் இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு நாலாவது தடவையாகக் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், "சுத்தமாப் போச்சா? அப்ப செரி," என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் படியில் உட்கார்ந்தார்.

இந்த நாட்களில்தான் அவருடைய மகள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பூந்தமல்லியில் கட்டிக் கொடுத்திருந்தது. அம்மா வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்காக வந்தவள், என்னைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"எங்க நைனா இங்கதான் தெனம் வருதாமே. அம்மா சொல்லிச்சி. ரொம்ப பேஜார் குடுக்குதா?"

நான் மரியாதைக்கு, "அதெல்லாம் இல்லம்மா," என்றேன்.

அவள் சிரித்தாள். "எனுக்குத் தெரியாதா. கண்ணாலம் ஆன புதுசுல எங்க ஊட்டுக்கும் அப்டித்தான். தெனம் பஸ் ஏறி வந்துரும். நேரா அடுப்பாண்ட போயி சட்டிய தொறந்து பாக்கும். எம் மாமியாவ நிக்க வெச்சி, எம் பொண்ணு துன்னுச்சா, எவ்ளோ துன்னுச்சின்னு கேக்கும். அந்தம்மா எத்தினி நாளு பொறுக்கும்? எங்க ஊட்டுக்காரரு ஒருநாளு உக்கார வெச்சி சொல்லிட்டாரு. பொங்கலுக்கு வா, தீவாளிக்கு வா, மத்த நாள்ல வராதன்னு."

"அப்புறம்?"

"அப்பால வரல." அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "பொங்கலுக்கு வரும், ஒரு வாய் காப்பி குடிக்கும், பூடும். எனுக்கு நிம்மதியாத்தான் கீது, பொய் சொல்லுவானேன். நீங்களும் பாவம் பாக்காதீங்க. ஒரு தபா மூஞ்சில அடிச்ச மாறி சொல்லிருங்க. அப்பத்தான் அடங்கும்."

அவள் போன பிறகு நான் அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலமும் அவர் சொம்போடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நேராக நாயிடம் போய்க் குந்தியபோது, எனக்கு வாய் வரவில்லை. எனக்கு என்மேல்தான் எரிச்சல் வந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

சொல்ல வேண்டிய நாள் தானாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையில் அவர் இலையில் சுருட்டி ஒரு ஆட்டெலும்பு கொண்டுவந்து குட்டிக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு என் கணவர் படுத்திருந்தார். நான் சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குமரன் கத்தியதைக் கேட்டு ஓடினால், அவனுடைய வலது உள்ளங்கையில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. எலும்பை வாங்கிப் பார்க்கப் போயிருக்கிறான்.

விளக்குமாற்றை எடுத்து நாய்க்கு இரண்டு போடு போட்டேன். கழுத்தில் கயிற்றைக் கட்டிக் கிணற்றுத் தூணில் இறுக்கினேன். பிள்ளையின் கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவன் அலறுகிறான், ஆனந்தி அதற்கு மேல் அலறுகிறாள், என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை வெளியே தள்ளுகிறார். கேட் திறந்தது. நிலத்துக்காரர்.

அழுகிற பிள்ளையைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேரே கிணற்றடிக்குப் போனார். குந்தி உட்கார்ந்து நாயின் முதுகைத் தடவினார்.

"யாரு இத்த அடிச்சது?"

"ஐயா, அது என் பிள்ளையைக் கடிச்சிருக்கு. ரத்தம் வருது பாருங்க."

அவர் திரும்பவில்லை. "எலும்பப் புடுங்கினா கடிக்காம இன்னா பண்ணும்?"

எனக்குள் இத்தனை நாள் அடைத்துக் கிடந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. "இது உங்க வீடு இல்ல. உங்க நிலம் இல்ல. இப்ப உங்க நாயும் இல்ல. ஒண்ணைக் கொடுத்தா, கொடுத்தாச்சு, போயாச்சுன்னு இருக்கத் தெரியாதா உங்களுக்கு? என் பிள்ளை கையை ஏறெடுத்துப் பார்த்தீங்களா?"

இன்றைக்கு நினைத்தாலும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன். அவர் நாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நாங்கள் நான்கு பேரும் ஸ்கூட்டரில் ஏறி ஆவடி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் போனோம்.

டாக்டர் காயத்தைப் பார்த்தார். நாய் யாருடையது, எங்கே இருக்கிறது என்று கேட்டார். வீட்டு நாய்தான், கட்டிப் போட்டிருக்கிறோம் என்றோம். இப்போதென்றால் உடனே ஊசி போட்டுவிடுவார்கள். அன்றைக்கு அவர் சொன்னது வேறு. "பத்து நாள் நாயைக் கண்ணிலேயே வச்சிருங்க. நல்லாச் சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, சாதாரணமா இருந்தாப் பயமில்லை. அதுக்கு ஏதாவது ஆனாலோ, காணாமப் போனாலோ, ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. தொப்புளைச் சுத்தி ஊசி. தினமும்." குமரனுடைய வயிறு என் கையளவுகூட இருக்காது. மேலே சட்டை ஏறிப்போய் அது தெரிந்துகொண்டிருந்தது. நான் சட்டையை இழுத்து விட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கிணற்றுத் தூணில் கயிறு மட்டும் தொங்குகிறது.

டாக்டர் சொன்னது மட்டும் காதில் இல்லையென்றால், விட்டது தொல்லை என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வந்த காலோடு திரும்பினோம். அவருடைய வீடு பழைய ஊருக்குள், கோயில் தெருவின் முனையில். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாயா? எந்த நாயி?" என்றார்.

"பெரியவரே, நீங்கதானே அவிழ்த்துக் கூட்டிட்டு வந்தீங்க," என்றார் என் கணவர்.

"நான் இன்னாத்துக்குக் கூட்டிகினு வரேன்? அது ஒங்க நாயி. தோ, அந்தம்மாவே சொல்லிச்சே. அடிச்சா ஓடிப் பூடும். தேடிப் பாருங்க."

டாக்டர் சொன்னதை என் கணவர் எடுத்துச் சொன்னார். ஊசியைப் பற்றிச் சொன்னார். அவர் முகம் அசையவில்லை. "நீங்க இப்டித்தான் சொல்லுவீங்க. அப்பால முனிசிபாலிட்டி வண்டில புடிச்சிக் குடுப்பீங்க. கடிச்ச நாய இன்னா பண்ணுவாங்கன்னு எனுக்குத் தெரியும். நாயி இங்க இல்ல."

நான் குமரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மனைவி தவிட்டு வாளியோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். பிள்ளையின் கைக்கட்டைப் பார்த்தார்.

"மாட்டுக் கொட்டாயில கீது. போயிப் பாரும்மா," என்றார். கட்டிலில் இருந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்ததுலேந்து அத்த மடில வெச்சிகினு குந்திகினு கீறாரு. கோழிக்குத் தண்ணி வெக்க ஆளில்ல இந்த ஊட்டுல."

கொட்டகையில், சாக்கின்மேல் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. நான் அடித்த இடத்தில் மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தது.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். "ஐயா, எனக்கு நாய் வேண்டாம். எந்த வண்டியிலும் ஏத்த மாட்டேன். நீங்களே வச்சுக்கோங்க. ஆனா தினமும் சாயங்காலம் நான் வருவேன். அது தண்ணி குடிக்கிறதை என் கண்ணால பார்க்கணும்."

"இங்க இருக்கட்டும்னு உட்டுட்டு, அப்பால தெனம் வந்து இன்னா பாக்கறது?" என்றார் அவர்.

இதை அவர்தான் சொன்னார். என் கணவர் சட்டென்று தரையைப் பார்த்துக்கொண்டார்.

அப்படித்தான் நான் ட்யூஷனை முடித்துவிட்டு, அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, தினமும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க ஆரம்பித்தேன். கேட்டைத் தட்டிவிட்டுத்தான் நுழைந்தேன், அந்த ஒரு வித்தியாசம் உண்டு. என் தலையைக் கண்டதும் அவர் முகம் சுருங்கும்.

"வந்துட்டியா. காலைலயே குடிச்சிச்சி. ரெண்டு தபா குடிச்சிச்சி."

"நான் பார்க்கணும் ஐயா."

"எம் பேச்ச நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு வைப்பார். அது குடிக்கும். நான் திரும்புவேன். சில நாள் அது வாலாட்டிக்கொண்டு என் காலடிக்கு வரும். காலை நகர்த்திக்கொள்வேன். அது எப்படி நடக்கிறது, வாயில் நுரை இருக்கிறதா, வெளிச்சத்தைப் பார்த்து ஒதுங்குகிறதா என்று பார்ப்பேன். "இன்னா அப்டி உத்துப் பாக்கற? திஷ்டி பட்டுறப் போவுது," என்பார் அவர்.

பாதி நாட்கள் கடந்திருக்கும். ஒரு சாயங்காலம் அது தண்ணீர் குடிக்கவில்லை. கிண்ணத்தை முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கில் போய்ப் படுத்தது.

"காலைல குடிச்சதா?" என்றேன்.

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அதன் மூக்குக்குக் கீழே வைத்தார். அது தலையை இன்னும் அந்தப் பக்கம் திருப்பியது. அவருடைய மனைவி மாட்டுக்குப் போடவிருந்த வைக்கோலோடு அப்படியே நின்றார். காலை ஏழு மணிக்கு ஊசி போட ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு எந்த ரயிலைப் பிடிப்பது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குட்டியைத் தூக்கி மடியில் வைத்தார். உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீரை அள்ளி அதன் வாயருகே கொண்டுபோனார். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிற்று. மறுபடியும் அள்ளினார்.

"குடிடா, நைனா," என்றார். "ஒரு வாய் குடிச்சிக் காட்டு. அந்தம்மா நிக்குது பாரு. கொயந்தைக்கு வயித்துல ஊசி போட்டுருவாங்கடா. சின்ன வயிறுடா அது. தாங்காது."

எத்தனை தடவை அள்ளினாரோ தெரியாது. கடைசியில் அது நாக்கை நீட்டி அவர் உள்ளங்கையை நக்கியது. பிறகு மடியிலிருந்து இறங்கி வந்து, கிண்ணத்தில் வாயை வைத்துச் சளக் சளக்கென்று குடித்தது. மத்தியானம் அவருடைய மனைவி ஒரு சட்டி மோர்ச்சோறு போட்டிருக்கிறார். அதுதான் விஷயம், அதுவரை தாகமில்லை.

நான் மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் துண்டால் கையைத் துடைத்தார், பிறகு முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

"பையன் எந்தக் கையில துன்றான் இப்ப?" என்றார், நாயைப் பார்த்துக்கொண்டே.

"நான்தான் ஊட்டுறேன். கடிபட்டது வலது கை."

"ம்," என்றார்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. குமரனின் காயம் ஆறிவிட்டது, நாய் முன்னைவிடக் கொழுத்திருந்தது. இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வீட்டில் ஆனந்தி சரியாகச் சாப்பிடவில்லை. கடி வாங்கியவனே ஜிம்மி எங்கே, ஜிம்மி எங்கே என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். இரண்டு நாள் கழித்து அவரே குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு உள்ளே விட்டார்.

"குடுத்தாச்சி. போயாச்சி," என்றார். என் வார்த்தையை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டு, சுற்றிப் பார்க்காமல், உட்காராமல் போனார்.

அந்த ரோஷம் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் சொம்போடு வந்தார். பிள்ளைகளுக்கு என்று வேறொரு சொம்பும் இருந்தது. நல்ல மாற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "கழுத்துல இன்னா புண்ணு? கயித்த இறுக்கிக் கட்டினியா?" என்று ஆரம்பித்தார்.

அதற்கப்புறமும் வருஷக்கணக்காக அவர் வந்தார். நானும் வருஷக்கணக்காக எரிச்சல்பட்டேன். நாய் பெரிதாகி, அந்தத் தெருவில் எல்லாரையும் பார்த்துக் குரைத்தது, திருடனைத் தவிர. எங்கள் பித்தளை அண்டா ஒரு பட்டப்பகலில் காணாமல் போனபோது அது முருங்கை மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "அசதியா இருந்திருக்கும்," என்றார் அவர்.

தொண்ணூறுகளின் நடுவில், பிள்ளைகளின் படிப்புக்காக முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குப் போனோம். கோவில்பதாகை வீட்டை வாடகைக்கு விட்டோம். நாயை அந்த மாடி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. யாரிடம் விடுவது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டாவது பேச்சே இல்லை.

சாமான் வண்டி நின்றுகொண்டிருந்தது. கயிற்றை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். குமரன் வண்டிக்குள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து பார்த்துட்டுப் போறேன் ஐயா," என்றேன்.

"வராத," என்றார்.

"என்ன ஐயா?"

"ஒரு மாசம் இந்தப் பக்கமே வராத. நீ வந்து வந்து நின்னா, அது எப்டி எங்கூட்ல பழவும்? கேட்டாண்டயே குந்திகினு கெடக்கும். குடுத்தா, குடுத்ததோட பூடணும்மா. அதுதான் அதுக்கு நல்லது."

அவர் முகத்தில் சிரிப்பு எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உண்மையாகவே எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவருக்கு இருமல் வந்துவிட்டது.

நான் அவர் சொன்னதைக் கேட்டேன். போகவில்லை. பிள்ளைகளையும் விடவில்லை. இரண்டு வாரம் ஆகியிருக்கும், ஒரு நாள் காலை வீட்டில் நான் மட்டும் இருந்தபோது காலிங் பெல் அடித்தது. திறந்தால் அவர். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நீங்கதானே ஒரு மாசம் பார்க்கக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"நீ வரக்கூடாதுன்னேன். நான் வரக்கூடாதுன்னனா?"

உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அதை அவசரமே இல்லாமல், அண்ணாந்து, சொம்பு காலியாகும்வரை குடித்தார். பிறகு காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, இந்த மாடியில் எத்தனை குடித்தனம், குழாயில் தண்ணீர் எப்போது விடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார். நான் எல்லாவற்றுக்கும் நின்றுகொண்டே பதில் சொன்னேன். குக்கர் விசிலடித்தது. ஒரு விசில், இரண்டு விசில், மூன்று. அணைக்கப் போகவில்லை.

"ஐயா, அதெல்லாம் அப்புறம் கேட்கலாம்," என்றேன். "அது சாப்பிடுதா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க."

அவர் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மொத ரெண்டு நாளு ஒண்ணும் துன்னல," என்று ஆரம்பித்தார்.